காலி அறைகளைக் கடைப் பொருள்களால் நிரப்பச் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: முகப்புத்தூண்

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் அருங்காட்சியகத்தின் வைப்பறையில் உதவியாளராக இருந்தேன். சென்ற தை மாதம் முதல், காரைக்குடியிலிருந்து அரைமணி நேர பஸ் தொலைவில் உள்ள ஓர் ஊரில், பழைய நகரத்தார் வீடு ஒன்றை அருங்காட்சியகமாக்கும் அறக்கட்டளையில் காப்பாட்சியர் பிரிவுக்குத் தலைவராகச் சேர்ந்திருக்கிறேன். பிரிவு என்றாலும் மூன்று பேர்தான். நான், கல்லூரி முடித்த கையோடு வந்த ஓர் இளம்பெண், 41 ஆண்டுகளாக அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றி வரும் பெரியவர் ஒருவர்.

வீடு நூறாண்டைத் தாண்டியது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், நடுமுற்றத்தைச் சுற்றிய வளவின் தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டைவெள்ளை கலந்த சுண்ணாம்புப் பூச்சு. கை வைத்தால் இன்றும் கண்ணாடிபோல வழுக்குகிறது. ஆனால் வளவைச் சுற்றியுள்ள எட்டு அறைகளில் ஐந்து முற்றிலும் காலி. ஓர் அறையின் சுவரில் ஆளுயரத்துக்குச் செவ்வகமாக ஒரு வெளிறிய தடம் மட்டும் இருக்கிறது.

வருகிற பொங்கலுக்குள் திறந்துவிட வேண்டும் என்பது அறங்காவலர்களின் விருப்பம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலிருந்து ஒரு லாரி நிறையக் கட்டில், மங்குச் சாமான், கண்ணாடி, அண்டா எல்லாம் எடுத்துவந்து அறைகளை நிரப்பச் சொல்கிறார்கள். அதற்குப் பணமும் ஒதுக்கிவிட்டார்கள். பதிவேடு எழுத ஓர் ஆளைக் கேட்டேன். அதற்குப் பணம் இல்லை என்றார்கள். இப்போது என்னிடம் இருப்பது 1987இல் யாரோ எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே. அதில் "பித்தளை அண்டா பெரியது 6" என்பதுபோலத்தான் எல்லா வரிகளும் இருக்கின்றன. ஆறில் நான்குதான் கண்ணில் படுகிறது. குடும்பத்தார் கல்யாணம், சாந்தி என்று வரும்போது பாத்திரங்களை எடுத்துப்போவதும் உண்டாம். திரும்பி வந்ததா என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. பெரியவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பித்தளை முழுவதையும் புளி போட்டுத் தேய்க்கிறார். அது கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பள்ளிக்கூடம் போகும் முன்பிருந்தே அந்த வீட்டைக் காத்து வருபவரிடம் போய் "தேய்க்காதீர்கள்" என்று எப்படிச் சொல்வது? வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு கட்டிலின் காலடியில் வெள்ளை மாவு உதிர்ந்து கிடக்கிறது. பெட்டகத்தில் பழைய கண்டாங்கிப் புடவைகளும் கட்டுக் கட்டாகக் காகிதங்களும் இருக்கின்றன. மழைக்காலம் நெருங்குகிறது.

பொருளைப் பேணத் தெரியும். ஒரு வீட்டுக்கே பொறுப்பேற்பது எப்படி என்று தெரியவில்லை. எதை முதலில் செய்வது, அறங்காவலர்களிடம் என்ன சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: வேம்பு

நான் மரமும் காகிதமும் பழுதுபார்ப்பவன். அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

அந்த மாவை இன்றே முழுவதும் துடைத்துவிட்டுக் கட்டில் காலுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை விரியுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். புதிதாக மாவு விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. கட்டிலை மற்ற மரச்சாமான்களிடமிருந்து தனியே எடுத்து வைக்க வேண்டும். விழாவிட்டால் பழைய துளையிலிருந்து உதிர்ந்ததாக இருக்கலாம். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள். கடையிலிருந்து வரும் கட்டில் எதையும் இதே சோதனை முடியாமல் வளவுக்குள் விடாதீர்கள். ஒரு கட்டிலோடு வரும் வண்டுக்கு உங்கள் தேக்குக் கதவின் வெளிறிய ஓரங்களும், பலாப்பலகையில் செய்த தஞ்சாவூர்ப் படங்களும் நல்ல தீனி.

புடவைகளில் பூச்சி இருந்தால் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் குளிரும் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். ஐஸ்கிரீம் கடைகளில் இருக்கும் பெட்டியே போதும். எடுத்த பிறகு உறையை உடனே பிரிக்க வேண்டாம்; ஒரு நாள் அறையின் வெப்பத்துக்கு வரட்டும். தஞ்சாவூர்ப் படத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அந்தப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பலகை, துணி, சுண்ணப் பூச்சு, கண்ணாடிக் கல் எல்லாம் வேறு வேறு அளவில் சுருங்கும், பூச்சு கழன்றுவிடும். ஈரத்துணியால் துடைப்பதும் அப்படித்தான்.

ஐப்பசி பிறப்பதற்குள் ஓட்டுக்கூரை மேல் ஆள் ஏற்றி, வளவுக்குள் தண்ணீர் இறக்கும் தகரத் தூம்பை முழுவதும் சுத்தம் செய்யுங்கள். பழைய வீடுகளில் நான் பார்த்த சேதத்தில் பெரும்பங்கு அரசிலை அடைத்த தூம்பிலிருந்து தொடங்கியதுதான். சுண்ணாம்புச் சுவரில் ஈரம் தெரிந்தால் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து மறைக்கக் கூடாது. சுவர் மூச்சுவிட வேண்டும்.

வெளிச்சத்துக்கு ஓர் ஒளிமானி வாங்குங்கள். துணிக்கும் காகிதத்துக்கும் அச்சுப் படத்துக்கும் 50 லக்ஸ்தான் வழக்கமான எல்லை. உச்சிவேளையில் வளவின் ஓரம் ஆயிரக்கணக்கில் காட்டும். ஜரிகையும் சமிக்கியும் ஒட்டிய ரவிவர்மா அச்சுப் படங்கள் வளவைப் பார்த்து மாட்டியிருந்தால் இன்றே உள்ளறைக்கு மாற்றுங்கள்.


பதில் 2: சாவிக்கொத்து

தங்கைக்கு,

உங்கள் ஊருக்கு அருகிலேயே இன்னொரு வீட்டில் பதினான்கு ஆண்டுகள் நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் இருந்தவள் நான். ஓய்வு பெற்று ஐந்தாண்டுகள் ஆகின்றன. உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து கை பரபரக்கிறது, ஏனென்றால் அந்த லாரியை நான் வரவழைத்திருக்கிறேன்.

முதலாண்டிலேயே எங்களுக்கும் அறைகளை நிரப்பச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. கடைகளில் நாலு நாள் அலைந்து பொறுக்கி எடுத்தேன். அடுப்படியில் இரண்டு அண்டா, ஒரு தவலை, வரிசையாகத் தூக்குகள். பார்க்க நிறைவாக இருந்தது. திறந்து இரண்டு மாதம் இருக்கும், எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெரிய அண்டாவின் முன்னால் குனிந்தார்கள். கழுத்தடியில் வெட்டியிருந்த விலாசத்தை, அதாவது வீட்டுப் பெயர் எழுத்துகளை, விரலால் தடவிப் படித்தார்கள். "இது எங்கள் ஐயா வீட்டு அண்டா. என் கல்யாணத்துக்குச் சோறு வடித்தது" என்றார்கள். நான் எழுதி வைத்திருந்த அட்டையில் "இவ்வீட்டு அடுப்படியில் புழங்கிய அண்டா" என்று இருந்தது.

அவர்கள் கோபப்படவில்லை. திருப்பிக் கேட்கவும் இல்லை. "எங்கள் ஊர்ப் பேரையாவது எழுதிவைப்பா" என்று மட்டும் கேட்டார்கள். அன்று மாலையே அட்டையைக் கிழித்தேன். அது தவறான அட்டை என்பதற்காக மட்டும் இல்லை. அவர்கள் வீட்டின் நினைவை எடுத்து வேறொரு வீட்டின் பெயரில் எழுதியிருந்தேன். இதை இன்று எழுதும்போதும் மனம் கனக்கிறது.

வேறு ஊரில் இதை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இங்கே முடியாது. இந்தப் பக்கத்துப் பாத்திரம் பேசும். விலாசம் வெட்டாத செம்பே அரிது. உங்கள் அறங்காவலர்களின் உறவினர்கள் வந்து முதலில் பார்க்கப் போவது அந்த எழுத்துகளைத்தான். கடைப் பொருள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: நம் வீட்டுக் கூடத்தில் பங்காளி இல்லாத ஒருவருடைய விலாசம் இருந்தால் சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? இதைவிடப் பலமான வாதம் எனக்குத் தெரியாது.

அப்படியும் ஏதாவது வாங்க வேண்டி வந்தால், நூறாண்டு தாண்டிய பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். ஏடும் கையெழுத்துப் படியும் 75 ஆண்டிலேயே வந்துவிடும். விற்பவருக்கு உரிமம் உண்டா, எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை எழுத்தில் வாங்காமல் ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

இனிக் காலி அறைகளுக்கு வருகிறேன். அவை ஏன் காலியாயின என்று யாரையாவது கேட்டீர்களா? கீழ் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல், அங்கே வட்டிக்கடை நடத்திய நகரத்தார்களான செட்டியார்கள் கையில் இருந்த நிலம் ஏறத்தாழ 6 சதவீதம். விலைவீழ்ச்சியில் கடனுக்கு ஈடாக நிலம் வந்து விழுந்து, 1938க்குள் அது 25 சதவீதம் ஆனது. நான்கில் ஒரு பங்கு. கையில் காசு இல்லை, நிலம் மட்டும் இருக்கிறது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். நம்மவர்கள் நடந்தும் கப்பல் ஏறியும் தப்பி வந்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. அங்கிருந்து பணம் வருவது நின்றதும் இங்கே வீடுகள் ஒவ்வொரு பொருளாக விற்கத் தொடங்கின. பெல்ஜியம் கண்ணாடி, பிறகு கட்டில், பிறகு தூண், கடைசியில் கதவு. எல்லா வீட்டுக் கதையும் ஒரே மாதிரி இல்லை, பிள்ளைகள் பாகம் பிரித்து எடுத்துப்போனதும் உண்டு. ஆனால் அந்தச் சுவரில் இருக்கும் வெளிறிய தடம் இருக்கிறதே, தங்கையே, அதுதான் அந்த வீட்டில் இருக்கும் மிக முக்கியமான காட்சிப்பொருள் என்று நான் நினைக்கிறேன். அதன்மேல் கடைக் கண்ணாடியை மாட்டிவிட்டால் நூறாண்டுக் கதையில் பாதியை மூடிவிடுவீர்கள்.

ஆம்ஸ்டர்டாமில், நாஜிகளுக்கு அஞ்சி ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியின் குடும்பம் ஒளிந்திருந்த அறைகள் 1960இல் திறக்கப்பட்டதிலிருந்து காலியாகவே இருக்கின்றன. கைதுக்குப் பிறகு சாமான்களை எல்லாம் அள்ளிப்போய்விட்டார்கள். உயிர் தப்பி வந்த தந்தை ஓட்டோ ஃபிராங்க், அப்படியே வெறுமையாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த வீட்டின் துயரத்தையும் நம் வீடுகளின் இழப்பையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. வெறும் அறையைப் பார்க்க ஆட்கள் வருவார்களா என்று அறங்காவலர்கள் கேட்டால், இத்தனை ஆண்டுகளாக உலகம் முழுவதிலிருந்தும் வரிசையில் நின்று பார்க்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐந்து அறைகளையும் வெறுமையாக விடச் சொல்லவில்லை. இருக்கும் சொந்தப் பொருள்களை இரண்டு அறைகளில் சேர்த்து, எந்த ஆண்டு வாழ்ந்த கோலத்தைக் காட்டுகிறோம் என்று ஓர் ஆண்டைத் தீர்மானித்து, அதற்குள் நில்லுங்கள். குழந்தைகள் தொட ஓர் அறை கொடுங்கள். அங்கே புதுப் பனையோலைக் கொட்டான், புதுச் செம்பு, புதுத் தறிக் கண்டாங்கி வைத்து "புதியது, தொடலாம்" என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் கூட்டம் அந்த அறையில்தான் நின்றது.

பதிவேட்டுக்குப் பணம் இல்லை என்றார்களா? பேரேடு எழுதாமல் ஒரு நாள்கூடக் கடை நடத்தாத பரம்பரை அது. ரங்கூனிலும் பினாங்கிலும் காலணாக் கணக்கு விடாமல் எழுதியவர்கள். "இந்த வீட்டின் பேரேட்டைத்தான் எழுதக் கேட்கிறேன், 1987க்குப் பிறகு வரவும் செலவும் எழுதப்படவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். காணாமல் போன இரண்டு அண்டாக்களை முதல் வரியில் எழுதுங்கள். என் அறங்காவலர் குழுவில் மிகக் கடுமையாக இருந்த ஐயா இந்த ஒரு பேச்சில்தான் மனம் மாறினார்கள்.

எழுதும் முறை எளிதானதுதான். ஓர் அறையை எடுத்து, கதவுக்கு இடப்புறத்திலிருந்து சுவரை ஒட்டியே சுற்றி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு படம், அளவு, எங்கே இருக்கிறது, என்ன சேதம், என்ன விலாசம், அதைப் பற்றிச் சொன்னவர் யார். கடைசிக் கட்டத்தை விடவே கூடாது. காகிதத்தில் பென்சிலால் மட்டும் எண் இடுங்கள். துணிக்கு வெள்ளைப் பருத்தி நாடாவில் எழுதித் தைத்துவிடுங்கள். உலோகத்தில் பாரலாய்டு பி-72 என்ற பிசினை நகமளவு தடவி, காய்ந்தபின் அதன்மேல் எழுதினால் வேண்டியபோது எடுத்துவிடலாம். நாளுக்கு முப்பது பொருள் போதும். எங்களுக்கு இரண்டரை ஆண்டு ஆனது. பொங்கலுக்குள் உங்களால் முடியாது. இரண்டு அறைக்கு முடியும்.

காகிதக் கட்டுகளைக் குப்பை என்று யாராவது சொன்னால் கோட்டையூரை நினைவூட்டுங்கள். அங்கே ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர் நூல்களோடு கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி நம் நாட்டிலேயே வைக்க முடிவு செய்ததால்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆய்வு நூலகம் உருவானது.

பெரியவரைப் பற்றி. அவரைத் திருத்துவது உங்கள் வேலை என்று நினைக்காதீர்கள். பரணில் பல ஆண்டுகள் தேய்க்காமல் கிடந்த ஒரு பாத்திரத்தை இறக்கி, வாராவாரம் தேய்த்த ஒன்றின் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் விலாசத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அடுப்படி பார்த்துக்கொண்ட அம்மாவிடம் இப்படித்தான் செய்தேன். தேய்த்ததில் கடைசி எழுத்து பாதி மறைந்திருந்தது. அவர் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை புளியை எடுக்கவும் இல்லை. சாமி விளக்குகளை மட்டும் அவரிடமே விட்டுவிட்டேன். அவை புழங்கும் பொருள்; மினுங்கத்தான் வேண்டும். புழக்கத்துக்கு ஒரு பட்டியல், காப்புக்கு ஒரு பட்டியல் என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி.

சாவியும் அவரிடம் இருக்கட்டும். ஆனால் யார், எப்போது, எந்த அறையைத் திறந்தார் என்று ஒரு நோட்டு கதவருகே இருக்கட்டும். நீங்களும் அதில் கையெழுத்திடுங்கள், அறங்காவலரும் இடட்டும். தலைமை என்று எனக்குத் தெரிந்தது இதுதான்: எழுதிவைத்த ஒழுங்குக்கு முதலில் நான் கட்டுப்படுவது.


பதில் 3: நாலாவது புள்ளி

நான் காப்பாட்சியர் இல்லை. இப்படி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த ஒரு வீட்டின் பேத்தி. சாவிக்கொத்து அம்மா எழுதியதைப் படித்து அழுதேன், ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை.

வேறு விலாசம் இருந்தாலே கடைப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். என் அப்பத்தாள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்களில் அவர்கள் பிறந்த வீட்டு விலாசம்தான் இருந்தது. எங்கள் வீட்டு அடுப்படியில் மட்டும் நான்கு வீட்டு எழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். நான்கு மருமகள்கள் வந்த வழி அது. ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் மூன்றாண்டு தவணையில் இருந்தபோது வீட்டை நடத்திய பெண்களின் பெயர் வேறெங்கும் எழுதப்படவில்லை. பாத்திரத்தில்தான் இருக்கிறது. எந்தக் குடும்பத்திலாவது பழைய முறைச்சிட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சீராகக் கொடுத்த சாமான்களை அதில் வரிசையாக எழுதியிருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு உங்கள் பதிவேட்டைச் சரிபார்க்கலாம்.

இரண்டாவது, அந்தக் காலி அறை. பிறருக்கு அது வரலாறு. எங்களுக்கு அது எங்கள் ஐயா இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஆள் வைத்துக் கண்ணாடியை வண்டியில் ஏற்றிய அறை. பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக இரவு. அதை அட்டையில் எழுதி டிக்கெட் வாங்கியவர்களுக்குக் காட்டுவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் சரி என்போம். கேட்காமல் செய்தால் அது இன்னொரு முறை எங்கள் கதவைத் திறந்துவிட்டதுபோல ஆகும்.

கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுப்பதையும், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டுச் சடங்கையும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். எந்தத் தேதி, எந்தப் பொருள், யார் கையெழுத்து, எப்போது திரும்பும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் நாங்கள் கையெழுத்திடுவோம். இதுவரை யாரும் எங்களிடம் தாளை நீட்டியதில்லை.


கேட்டவர்: முகப்புத்தூண் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கறுப்புத் தாளில் நான்காம் நாளே புது மாவு. கட்டில் இப்போது பின்கட்டுக் கொட்டகையில் பாலித்தீன் சுற்றித் தனியே நிற்கிறது. தூம்பிலிருந்து மூன்று கூடை இலை எடுத்தோம், அணில் கூடு ஒன்றும்.

அறங்காவலர் கூட்டத்தில் பேரேட்டைப் பற்றிச் சொன்னேன். காணாமல் போன இரண்டு அண்டாக்களையும் முதல் வரியில் எழுதிக் காட்டினேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓர் ஐயா, ஒன்று மதுரையில் தங்கள் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்லி மறுவாரமே காரில் அனுப்பி வைத்தார்கள். லாரிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி பதிவேட்டுக்கு வந்திருக்கிறது. ஒரு கட்டில் மட்டும் கடையில் வாங்கியே தீர வேண்டும் என்கிறார்கள். அதன் அட்டையில் "காரைக்குடிக் கடையில் வாங்கியது, எந்த வீட்டுடையது என்று தெரியவில்லை" என்று எழுத ஒப்புக்கொண்டார்கள். திறப்பு விழா பங்குனிக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

பெரியவரிடம் பரண் பாத்திரத்தைக் காட்ட வேண்டிய தேவையே ஏற்படவில்லை. விலாசங்களைப் படித்துச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று நோட்டோடு உட்கார்ந்தேன். மூன்றாவது செம்பிலேயே எழுத்து மழுங்கியிருப்பதை அவரே பார்த்துவிட்டார். "நான்தான் தேய்த்தேன்" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உங்களால்தான் இந்தச் செம்பே இங்கே இருக்கிறது ஐயா" என்றேன். அது உண்மை. பிறகு நான்கு பிற்பகல்கள் தொடர்ந்து பேசினார். எந்த அறையில் எது எங்கே இருந்தது என்று நின்ற இடத்திலிருந்தே கையால் காட்டினார். இளம்பெண் அதையெல்லாம் தரையில் சாக்கட்டியால் வரைந்தாள். கட்டில் நான்கு கால், பெட்டகம், தொட்டில் வளையம் என்று இப்போது இரண்டு அறைகளில் தரை முழுவதும் கோடுகள். ஆத்தங்குடிக் கல் என்பதால் ஈரத்துணியில் போய்விடும் சாக்கட்டிதானா என்று ஓரத்தில் முதலில் சோதித்துவிட்டேன்.

வெளிறிய தடம் கண்ணாடியுடையதுதான். யார் விற்றார்கள், எந்த ஆண்டு, யார் தூக்கிப்போனார்கள் என்று பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. தூக்கிய நால்வரில் அவரும் ஒருவர். விற்றவர் இன்றைய அறங்காவலர் ஒருவரின் தந்தை. நாலாவது புள்ளி சொன்னது என் மனத்தில் இருக்கிறது. இதைப் பதிவேட்டில் எழுதலாமா, கூடாதா?


பதில் 4: சாவிக்கொத்து

பதிவேட்டில் எழுதுங்கள், தங்கையே. ஆண்டு, விற்றவர், தூக்கியவர்கள், சொன்னவர், சொன்ன தேதி, ஒன்றும் விடாமல். பதிவேடு பூட்டுக்குள் இருப்பது. அட்டையில் எழுதும் முன் அந்த அறங்காவலரைத் தனியே அழைத்துப்போய் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, பெரியவரும் உடன் இருக்கக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அட்டையில் "இங்கே ஒரு கண்ணாடி இருந்தது" என்ற ஒரு வரி போதும். மீதி அவர் விரும்பும் நாளுக்குக் காத்திருக்கட்டும்.

நாலாவது புள்ளி சொன்ன மருமகள் விலாசம் எனக்கு அன்று தோன்றவில்லை. எங்கள் அடுப்படியில் கடைப் பொருள் என்று ஒதுக்கிவைத்த ஏழெட்டுப் பாத்திரங்கள் இன்னும் வைப்பறையில் இருக்கும். இப்போது அங்கே இருப்பவரிடம் பேசி, நாளைக் காலையே போய் எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

சாக்கட்டிக் கோடுகளை அழிக்கும் முன் மேல்மாடத்தில் ஏறி நின்று படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் அறைக்கும் அளவுகோலை ஓரத்தில் வைத்து எடுங்கள்.